நீர்த்த கரடி

கரடி என்பது ஒரு விலங்கு என்றுதான் கொழுந்தன் நாற்பத்தொரு வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தான். அதில் தண்ணீர் கலக்கலாம், கலந்து செப்புக் காசை அதற்குள் ஊறப் போடலாம் என்பதெல்லாம் அன்று காலை பதினொரு மணிக்குத்தான் அவனுக்குத் தெரியவந்தது.

"'களிம்பேறிய செப்புக் காசுகளை நீர்த்த கரடியில் அரை மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய துணியால் துடைக்க வேண்டும்,'" என்று விடைத்தாளின் நகலை வாசித்து முடித்தார் பொறுப்பாளர்.

"நீர்த்த கரடின்னா, மழையில நனைஞ்ச கரடிங்களா மேடம்?" என்றான் கொழுந்தன்.

"தம்பி," என்றார் அண்ணி. அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்குள் 'வாயை மூடுங்க', 'வந்த இடத்தில் மானத்தை வாங்காதீங்க', 'சட்டைப் பொத்தானைப் போடுங்க' மூன்றும் இருந்தன. கொழுந்தன் மூன்றையும் செய்தான்.

அண்ணி ரயில் நிலையத்தின் தொலைந்த பொருள் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். ஒரு குடையைப் பார்த்தாலே அதன் சொந்தக்காரருக்கு எந்தக் கை வலிக்கும் என்று சொல்லிவிடுவார். வேலையை விட்டபின் வீட்டு முன்னறையில் துப்பறியும் நிலையம் தொடங்கினார். கொழுந்தன் ஒலிபெருக்கி வாடகைக் கடை வைத்து, ஊரையே கத்த வைத்து, கடைசியில் தானே வாயடைத்துப் போனவன். "சும்மா வீட்டுல இருக்கிறதுக்கு அண்ணிகூடப் போங்க" என்று மனைவி அனுப்பி வைத்தாள். அது அண்ணிக்குச் செய்த உதவியா, தனக்குச் செய்துகொண்ட உதவியா என்பதை அவன் இன்னும் துப்பறியவில்லை.

அவர்கள் வந்திருந்தது பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் மாணவர் சேவை மையம். தரைத்தளத்தில் நீளமான ஒற்றை அறை. ஒரு மூலையில் பிரெய்ல் அச்சு இயந்திரம் தகரக் கூரையில் கல்மழை பெய்வதுபோலத் தடதடத்தது. இன்னொரு மூலையில் ஸ்கேனர். நடுவில் வரிசையாகக் காதொலிக் கருவிகள். வெளியே சக்கர நாற்காலிக்காக அழகான சரிவுப்பாதை கட்டியிருந்தார்கள். அது நேராகப் போய், பூட்டிய கதவில் முட்டி நின்றது. சாவி கட்டடப் பிரிவில் இருப்பதாகவும், கட்டடப் பிரிவு மூன்றாவது மாடியில் இருப்பதாகவும் பொறுப்பாளர் சிரிக்காமல் சொன்னார். அவரே சக்கர நாற்காலிக்காரர். பக்கவாட்டுக் கதவு வழியாக வருகிறார். உள்ளே நுழைந்ததுமே கொழுந்தன் மரியாதை என்று நினைத்து நாற்காலியைத் தள்ளப்போக, பின்புறம் ஒட்டியிருந்த வாசகம் அவனைத் தடுத்தது: 'கேட்காமல் தள்ளாதீர். இது வண்டி அல்ல. நான் சரக்கும் அல்ல.'

"விஷயம் இதுதான்," என்றார் பொறுப்பாளர். "தொல்பொருள் பாதுகாப்புப் பாடம். பேராசிரியர் அவரே எழுதின புத்தகம். பழைய சொல்லாத் தேடிப் போட்டு எழுதுவார். வினிகர்னு எழுதினா அவருக்குத் தூக்கம் வராது. 'காடி'ன்னு எழுதியிருக்கார்."

"காடி," என்றார் அண்ணி. "புளிச்ச திரவம்."

"அதேதான். அறுபத்திரண்டு பேர் பரீட்சை எழுதினாங்க. அறுபது பேர் நீர்த்த காடின்னு எழுதியிருக்காங்க. ரெண்டு பேர் மட்டும் கரடி. ஒருத்தி எங்க பொண்ணு, பார்வை கிடையாது. இதே மையத்துல, தனி அறையில, பேசும் கணினி வெச்சு எழுதினா. இன்னொருத்தன் பெரிய கூடத்துல மத்தவங்களோட உக்காந்து எழுதினவன். நடுவுல ரெண்டு கட்டடம். 'கரடி தானா நடந்து போகாது, இவ காதுல மாட்டியிருந்த கருவி வழியாத்தான் விடை போயிருக்கு'ன்னு பேராசிரியர் புகார் குடுத்துட்டார்."

"விசாரணை எப்போ?"

"இன்னிக்கு நாலு மணிக்கு. நிரூபிக்க முடியலைன்னா அவ எழுதின பரீட்சை செல்லாது, ஒரு வருஷம் போச்சு. அது மட்டும் இல்ல, இனிமே பரீட்சையில பேசும் கணினியே கூடாதுன்னு தீர்மானம் தயாரா வெச்சிருக்காங்க. அதை நம்பி இங்க பதினோரு பேர் படிக்கிறாங்க."

கொழுந்தன் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று இருபது. பூஜையில் கரடி புகுந்ததாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறான். பரீட்சையில் புகுந்தது இதுதான் முதல் தடவை.

*

அந்தப் பெண்ணை மையத்தில் எல்லோரும் 'எக்ஸ்பிரஸ்' என்று கூப்பிட்டார்கள். காரணம், அவள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் தெரிந்தது. ஒலிபெருக்கியிலிருந்து கொதிக்கிற எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது.

கொழுந்தனின் தொழில் ரத்தம் துடித்தது. "ஒயர் போயிருச்சும்மா. நகரு, நான் பாக்கறேன்."

"ஒயர் நல்லாத்தான் இருக்கு அண்ணா," என்றாள் அவள். "மூணு மடங்கு வேகத்துல கேக்கறேன். நீங்க பேசறதெல்லாம் எனக்கு ரிக்கார்டு தேய்ஞ்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் சீக்கிரம் பேசுங்களேன்."

அண்ணியின் உதட்டோரம் அசைந்தது. கொழுந்தனை ஒருவர் மட்டம் தட்டினால் அண்ணிக்கு உடனே பிடித்துப்போகும்.

"கரடி எங்கேருந்து வந்துச்சும்மா?" என்றார் அண்ணி.

"என் பாடத்துலேருந்து. அதை முதல் நாளே சொன்னேன். பேராசிரியர் புத்தகத்தைத் தூக்கி, 'பார், காடின்னுதானே இருக்கு, பார்'னு காட்டினார். என்கிட்ட. காட்டினார்." அவள் சிரித்தாள். "நானும் பாத்து என்ன பண்ண?"

"அச்சுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணிக் கணினியில ஏத்துவோம், அதை மென்பொருள் இவளுக்குப் படிச்சுக் காட்டும்," என்று பொறுப்பாளர் விளக்கினார். "ஆனா தப்பு வர வாய்ப்பில்லைங்க. தன்னார்வலர் ஒருத்தர் அச்சோட ஒப்பிட்டு 'சரிபார்த்தாச்சு'ன்னு கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்கு. நானே புத்தகத்தை எடுத்துப் பாத்தேன். காடிதான்."

"பேராசிரியர் பாத்தார், நீங்க பாத்தீங்க," என்றார் அண்ணி. "எல்லாரும் பாத்தீங்க. யாராவது கேட்டீங்களா?"

பிரெய்ல் இயந்திரம்கூட ஒரு நொடி நின்றது. காகிதம் தீர்ந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

எக்ஸ்பிரஸின் மடிக்கணினியைத் தேர்வுப் பிரிவு எடுத்துச் சென்றிருந்தது. ஆனால் அதே பாடத்தின் மூலப்பிரதி மையத்துக் கணினியில் இருந்தது. வேகத்தைக் கொழுந்தனின் அறிவுக்கு ஏற்றபடி குறைத்தார்கள். பெண் குரல் ஒன்று, வாழ்க்கையில் எதற்குமே ஆச்சரியப்படாத தொனியில் சொன்னது: "களிம்பேறிய செப்புக் காசுகளை நீர்த்த கரடியில் அரை மணி... பக்கம் நூற்றுப் பதினாறு... நேரம் ஊறவைத்து."

"கரடி!" என்று துள்ளினான் கொழுந்தன்.

"ஏம்மா," என்றார் அண்ணி, "கரடியில காசை ஊறப் போடுன்னா உனக்குச் சந்தேகம் வரலியா?"

"ராஜதிராவகம்னு ஒரு அமிலம் இருக்கே அக்கா. ராஜாவைப் பிழிஞ்சா எடுக்கறாங்க? ராஜா இருக்கிற ஊர்ல கரடி இருக்கக் கூடாதான்னு மனப்பாடம் பண்ணிட்டேன். பாடத்துல புரியாததே ஆயிரம், அதுல இது ஆயிரத்தொண்ணு. அதே அத்தியாயத்துல 'நரகத் தகடு'ன்னு வந்துச்சு. அது நாகத் தகடுன்னு நானே கண்டுபிடிச்சுட்டேன். துத்தநாகம் தெரியும்ல. காடி யாருக்குத் தெரியும்?"

அண்ணி எழுந்தார். கணினித் திரையின் தூசியில் விரலால் எழுதினார். நாகம், நரகம். காடி, கரடி.

"பழைய அச்சுல துணைக்காலும் 'ர'வும் ஒரே மாதிரி இருக்கும். எது எதுன்னு தெரியலைன்னா கணினி தனக்குத் தெரிஞ்ச வார்த்தையாப் பாத்து ஊகிச்சுக்கும். அதுக்கு நரகம் தெரியும், கரடி தெரியும். காடி தெரியாது."

"நம்மளை மாதிரியேதான்," என்றான் கொழுந்தன். பிறகு மகிழ்ச்சி பொங்கக் கைகளைத் தேய்த்துக்கொண்டான். "அவ்வளவுதான் அண்ணி! கேஸ் முடிஞ்சுது. வாங்க, டீ குடிப்போம்."

"பாதி கேஸ்," என்றார் அண்ணி. "இந்தக் கரடி வந்த வழி தெரிஞ்சுது. அந்தப் பையனுக்கு எந்த வழியா வந்துச்சு? அவன் கையில இருக்கறது அச்சுப் புத்தகம். அதுல காடிதான். நாலு மணிக்குப் போய் இதை மட்டும் சொன்னோம்னா, 'பாத்தீங்களா, தப்பு இவ பாடத்துலதான் இருக்கு, அப்போ இவகிட்டேருந்துதான் அவனுக்குப் போயிருக்கு'ன்னு நம்ம சாட்சியை வெச்சே நம்மளைக் கட்டிடுவாங்க."

கொழுந்தனின் டீ ஆறிப்போனது, குடிக்காமலே.

அண்ணி போகும்போது கேள்வித்தாளோடு இன்னும் இரண்டு காகிதங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்று, அந்தப் பையனின் விடைத்தாள் நகல். இன்னொன்று, 'சரிபார்த்தாச்சு' சீட்டு. அதில் கையெழுத்து என்ற இடத்தில் ஒரு புழு துடித்திருந்தது.

"யாருதுன்னு தெரியலைங்க," என்றார் பொறுப்பாளர். "தன்னார்வலர்கள் சனிக்கிழமை வருவாங்க. அன்னிக்கு எனக்கு விடுமுறை. காவலாளி திறந்து விடுவார்."

*

அந்தப் பையனை நண்பர்கள் 'டாக்டர்' என்றார்கள். அவன் யாருக்கும் ஊசி போட்டதில்லை. கையெழுத்துதான் காரணம். கோழி கிளறிய மாதிரி என்று சொன்னால் கோழி கோபித்துக்கொள்ளும். அந்த விடைத்தாளில் 'கரடி' என்ற ஒரு சொல் மட்டும் எப்படியோ தெளிவாக விழுந்து, அவனைக் காட்டிக்கொடுத்திருந்தது.

துறைக் கட்டடத்தின் முன்னால் இருந்த கைப்பிடிச் சுவருக்குப் புதிதாகப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். இரண்டு கஜத்துக்கு ஒரு அட்டை: 'வண்ணம் காயவில்லை. சாயாதீர்.' கொழுந்தன் அதைச் சத்தமாக வாசித்தான். பிறகு உண்மையிலேயே காயவில்லையா என்று விரலால் தொட்டுப் பார்த்தான். காயவில்லை.

"துப்பறியறேன் அண்ணி," என்று பச்சை விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"கைரேகையை விட்டுட்டுத் துப்பறியற முதல் ஆள் நீங்கதான் தம்பி."

டாக்டர் வகுப்பிலிருந்து வெளியே வந்தான். ஒல்லியாக, உயரமாக, மன்னிப்புக் கேட்கத் தயாராக இருக்கும் முகம். பேச ஆரம்பித்ததும் விஷயம் தெரிந்த பையன் என்று புரிந்தது. எந்தக் காசு எந்தக் காலத்தது, எதில் எந்த உலோகம் எத்தனை பங்கு என்று மழையாகப் பொழிந்தான்.

"எல்லாம் சரி," என்றார் அண்ணி, கைப்பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்து நீட்டி. "இந்த நாலாவது கேள்வியை ஒரு தடவை வாசிச்சுக் காட்டு கண்ணா."

பையன் தாளைப் பார்க்கவே இல்லை. "கண்ணாடி கொண்டு வரலைங்க."

"பரவாயில்ல. விடையை மட்டும் சொல்லு."

அவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். ஒரு சொல் தட்டவில்லை, ஒரு சொல் தடுமாறவில்லை. "களிம்பேறிய செப்புக் காசுகளை நீர்த்த கரடியில் அரை மணி..." லேசாக நிறுத்தினான். "...நேரம் ஊறவைத்து."

கொழுந்தனின் காது நிமிர்ந்தது. பதினெட்டு வருடம் மைக்கில் பேசுகிறவர்களைக் கேட்ட காது அது. யார் எழுதிவைத்துப் பேசுகிறார், யார் மனப்பாடம் செய்து பேசுகிறார், யார் பசியில் பேசுகிறார் என்று அதற்குத் தெரியும். மனுஷன் யாரும் 'அரை மணி'க்கும் 'நேர'த்துக்கும் நடுவில் மூச்சு விடமாட்டான்.

அவன் அண்ணியின் காதருகே குனிந்தான். "அந்த இடத்துல பக்கம் நூத்துப் பதினாறு இருக்கு அண்ணி. இவன் நம்பரை முழுங்கிட்டான், இடைவெளியை முழுங்க மறந்துட்டான். இது புத்தகத்தைப் படிச்ச வாய் இல்ல. அந்தம்மா குரலைக் கேட்ட வாய்."

அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கால்வாசி மெச்சுதல் இருந்தது. கொழுந்தன் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவிக்குக் காட்ட விரும்பினான்.

"நான் கிளம்பறேங்க, வகுப்பு இருக்கு," என்று டாக்டர் திரும்பினான். அவன் சட்டை முதுகில், தோளிலிருந்து தோள்வரை, அகலமான பச்சைக் கோடு.

*

உணவகத்தின் மூலை மேஜையில் மூன்று டீ. டாக்டர் வகுப்புக்குப் போகவில்லை. அண்ணி "ஒரு நிமிஷம் உக்காரு" என்றால் ரயிலே உட்காரும்.

மணி இரண்டரை.

"கண்ணாடி போடறவங்களுக்கு மூக்குல ரெண்டு பக்கமும் தழும்பு இருக்கும். உனக்கு இல்ல," என்றார் அண்ணி. குரலில் அதிகாரமில்லை. குடையைத் திருப்பிக் கொடுக்கிற குரல். "சுவர் முழுக்க அட்டை தொங்குது, நீ அதுமேலயே சாஞ்சு நின்னிருக்க."

"இவரும்தான் தொட்டிருக்கார்," என்றான் டாக்டர், கொழுந்தனின் விரலைப் பார்த்து.

"அவர் வாசிச்சுட்டுத் தொட்டார். அது வேற வியாதி."

கொழுந்தன் டீயில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அண்ணி விடைத்தாளையும் சீட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விடைத்தாளின் அடியில் ஒரு புழு. சீட்டின் அடியில் அதே புழு, அதே நெளிவு.

கொழுந்தன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். வாய் பிளந்தது. "அண்ணி! பாடத்தை அச்சோட ஒப்பிட்டுச் சரிபாத்த ஆளே இவன்தானா? அப்போ காடின்னு இவனுக்குத் தெரிஞ்சிருக்கணுமே?"

டாக்டர் டம்ளரிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

"சரிபாத்தேங்க. நிஜமாவே முழுசாச் சரிபாத்தேன். நாலு சனிக்கிழமை உக்காந்து. ஆனா... கேட்டுத்தான் பாத்தேன். கேட்டப்போ சரியாத்தான் இருந்துச்சு."

பக்கத்து மேஜையில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். இங்கே யாரும் திரும்பவில்லை.

"எழுத்து எனக்கு நிக்காதுங்க. ஒரு வரி படிக்கறதுக்குள்ள மத்தவங்க ஒரு பக்கம் படிச்சுடுவாங்க. படிச்சு முடிக்கறப்போ முதல் வார்த்தை மறந்துடும். எழுத்து இருக்கிற பக்கமே கண்ணு போறதில்ல, பழகிப்போச்சு. காதுல கேட்டா ஒரே தடவை, ஒட்டிக்கும். சின்ன வயசுல எங்க அக்கா படிச்சுச் சொல்லுவா. அவ கல்யாணமாகிப் போனப்புறம் யாரு சொல்லுவா? இங்க பாடமெல்லாம் பேசுதுன்னு தெரிஞ்சுது. தன்னார்வலர்னு பேர் குடுத்தேன். ஸ்கேன் பண்ணிக் குடுத்துட்டு, பாடத்தைப் போன்ல ஏத்திக்கிட்டுப் போயிடுவேன்."

"கையெழுத்து?" என்றார் அண்ணி.

"ஒழுங்கா எழுதினா தப்பு தெரியும். கிறுக்கினா, 'என்ன எழுதியிருப்பான்'னு அவங்களே ஊகிச்சுக்குவாங்க."

'அந்தக் கணினி மாதிரியே' என்று சொல்ல வந்த கொழுந்தன், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நகைச்சுவையை விழுங்கினான்.

"மையத்துலயே பேர் பதிஞ்சிருக்கலாமேப்பா," என்றான். "உரிமையாவே குடுத்திருப்பாங்களே."

"அது கண்ணு தெரியாதவங்களுக்கு, நடக்க முடியாதவங்களுக்கு. எனக்கு என்னன்னு சொல்றது? படிக்க வராதுன்னா? படிக்க வராதவனுக்குப் பல்கலைக்கழகத்துல என்ன வேலைன்னு கேக்க மாட்டாங்க?" அவன் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. "அவ மேல பழி விழும்னு சத்தியமா நினைக்கலைங்க. ஆனா நான் இதைச் சொன்னா..."

அண்ணி டீயை மெதுவாகக் குடித்து முடித்தார்.

"தொலைந்த பொருள் ஆபீஸ்ல இருபத்திரண்டு வருஷத்துல பதினாலு பல்செட் வந்துச்சு," என்றார். "அருமையான பல்செட்டு. பாத்தா சிரிப்பு வரும், அதுவே சிரிச்சுக்கிட்டிருக்கும். ஒருத்தர்கூட வந்து 'இது என்னுது'ன்னு சொல்லல. சொன்னா, பல்லு இல்லைன்னு ஊருக்குத் தெரிஞ்சுடுமே. அந்தப் பதினாலு பேரும் அப்புறம் எப்படிச் சாப்பிட்டாங்களோன்னு நான் இன்னும் நினைச்சுக்குவேன்."

அவர் எழுந்து, காகிதங்களைப் பைக்குள் போட்டார்.

"உன் பேரை நான் சொல்ல மாட்டேன். கரடி அவளுக்கு எப்படி வந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லுவேன். மிச்சம் உன்னுது. நாலு மணி. நிர்வாகக் கட்டடம், முதல் மாடி."

வெளியே வந்ததும் கொழுந்தன் பதறினான். "என்ன அண்ணி இது! அவன் வரலைன்னா அந்தப் பொண்ணு மாட்டிக்குமே. சீட்டைக் காட்டிடலாமே?"

"நம்ம வேலை பொருளைக் கண்டுபிடிக்கறது தம்பி. சொந்தக்காரர்தான் வந்து வாங்கிக்கணும்."

சொன்னாரே தவிர, அண்ணி வழக்கத்தைவிட வேகமாக நடந்தார். இடதுகைச் சுண்டுவிரலால் பையின் வாரைச் சுற்றிக்கொண்டே போனார். பயம் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார் என்று குடும்பத்தில் கொழுந்தனுக்கு மட்டுமே தெரியும்.

*

விசாரணை அறையில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். அவர்களுக்கு வலப்பக்கம் பேராசிரியர், தன் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி. எதிரில் எக்ஸ்பிரஸ், நிமிர்ந்து, விரல்களை மடியில் பூட்டிக்கொண்டு. காலையில் கொழுந்தனைக் கலாய்த்த பெண்ணைக் காணவில்லை.

பொறுப்பாளர் பாடத்தை ஒலிக்கவிட்டார். நீர்த்த கரடி அறையெங்கும் உலாவியது. அண்ணி கரும்பலகையில் 'கா'வையும் 'கர'வையும் எழுதிக் காட்டினார். மேஜைக்குப் பின்னால் ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார்.

"சரி," என்றார் பேராசிரியர். நேர்மையான மனிதர், அதுதான் சிக்கல். "இந்தப் பெண்ணுக்குக் கரடி காது வழியாக வந்தது. ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பையனுக்கு? அவனுக்குக் கண் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. இவள் சொல்லாமல் அவனுக்குக் கரடி எப்படித் தெரியும்?"

கடிகாரத்தில் நாலு பத்து. கொழுந்தன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவின் வெளிப்பக்கம் 'இழு' என்று எழுதியிருப்பது அவனுக்குத் தெரியும். உள்ளே வரும்போது அவனே தள்ளிப் பார்த்துத் தோற்றவன்தான்.

"அவருக்கு நான் சொல்லலை சார்," என்றாள் எக்ஸ்பிரஸ். "அவர் யாருன்னே எனக்குத் தெரியாது. அவர் குரலைக்கூட நான் கேட்டதில்ல."

"அப்படியானால்," என்று பேராசிரியர் வருத்தத்தோடு தொடங்கினார், "வேறு வழியில்லாமல்..."

கதவு 'டங்' என்றது. யாரோ வெளியிலிருந்து தள்ளினார்கள். மறுபடி 'டங்'. அப்புறம் ஒரு யோசனை இடைவெளி. பிறகு கதவு இழுக்கப்பட்டது.

டாக்டர் நின்றான். முதுகில் பச்சை இன்னும் காயவில்லை.

"தப்பு என்னுதுங்க," என்றான். குரல் நடுங்கியது, ஆனால் வெளியே வந்தது. "அந்தப் பாடத்தைச் சரிபாத்தவன் நான்தான். காதால பாத்தேன். எனக்குக் கண்ணால படிக்க வராது. அந்தக் கரடி எனக்கும் அதே குரல்லதான் வந்துச்சு."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பதினைந்து வருடமாகச் சுமந்தது ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டதில் அவனுக்கே கொஞ்சம் ஏமாற்றம்போல் தெரிந்தது.

பேராசிரியர் அவனுடைய விடைத்தாளை எடுத்தார். மூக்குக்கு அருகில் வைத்தார், தள்ளி வைத்தார், சாய்த்துப் பார்த்தார். "ஆறு பரீட்சையாக இதைப் படிக்க முடியாமல், நன்றாகத்தான் எழுதியிருப்பான் என்று மதிப்பெண் போட்டிருக்கிறேன்," என்றார் கடைசியில். "எனக்கும் படிக்க வராதுதான் போலிருக்கிறது." பிறகு அவனைப் பார்த்து, "சொல். செப்புக் காசில் களிம்பு ஏன் பிடிக்கிறது?" என்றார்.

டாக்டர் சொன்னான். அவர் இன்னொன்று கேட்டார். சொன்னான். மூன்றாவது கேள்விக்கு அவன் சொன்ன விடை புத்தகத்திலேயே இல்லை. பேராசிரியர் பேனாவை எடுத்து ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர்கள் தலைகளைச் சேர்த்து முணுமுணுத்தார்கள். புகார் தள்ளுபடி. தயாராக இருந்த தீர்மானம் நான்காக மடிந்து கோப்புக்குள் போனது. பேராசிரியர் மட்டும் எழும்போது கறாராகச் சொன்னார்: "ஆனால் கரடிக்கு அரை மதிப்பெண்தான். காடி என்று எழுதியிருக்க வேண்டும்."

"நீர்த்த கரடி சார்," என்றாள் எக்ஸ்பிரஸ். "அடர் கரடியா இருந்தா முழு மார்க் கேட்டிருப்பேன்."

படியிறங்கும்போது கொழுந்தனுக்கு மனம் நிறைந்திருந்தது. "பாருங்க அண்ணி, காடிக்கே ஒரு துணைக்கால் இல்லாம நிக்க முடியல. மனுஷனுக்கும்..."

"மேடைப் பேச்சு வேண்டாம் தம்பி. ஒலிபெருக்கிக் கடையை மூடியாச்சு."

*

ஐந்து மணிக்கு மையத்தில் டாக்டர் பதிவுப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தான். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கான படிவம் பொடி எழுத்தில் ஏழு பக்கம் இருந்தது. யார் தயாரித்தது என்று கொழுந்தன் கேட்டான். தான் இல்லை என்று பொறுப்பாளர் அவசரமாகச் சொன்னார்.

"அதை ஸ்கேனர்ல வை," என்றாள் எக்ஸ்பிரஸ், காதொலிக் கருவியை அவன் பக்கம் நகர்த்தி. "கேட்டு நிரப்பு. என் வேகத்துல வேண்டாம், இந்த அண்ணாவோட வேகத்துல வெச்சுக்கோ. அதுக்குக் கீழ எதுவும் கிடையாது."

ஸ்கேனர் உறுமி அடங்கியது. குறுகலான கட்டங்கள் கொண்ட படிவம். சொற்கள் பாதியில் உடைந்து அடுத்த வரியில் விழுந்திருந்தன. ஆச்சரியமே படாத அந்தக் குரல் தொடங்கியது: "மரண... வரின் பெயர். மரண... வரின் வயது."

கொழுந்தன் திடுக்கிட்டு எழுந்தே விட்டான். பொறுப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

டாக்டர் மட்டும் அசையவில்லை. பேனாவைக் கீழே வைத்தான். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, இன்னொரு தடவை கேட்டான்.

"மேடம்," என்றான் மெல்ல, "அங்க ஒரு கால் 'ர'வாயிடுச்சு. அது மாணவர்."

பொறுப்பாளர் மேஜை இழுப்பறையைத் திறந்து, புதிதாக ஒரு சீட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தார். சரிபார்த்தவர் என்று போட்டிருந்த இடத்தில் டாக்டர் ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை எழுதினான். எழுத ஒரு நிமிடம் ஆனது. அதில் ஒரு பிழை இருந்தது.

தெளிவாக இருந்தது.